கிணறு வறண்ட நாட்களிலும்...

இறைநெறியில் செல்பவர்களுள் பலருக்குப் பொதுவான ஓர் அனுபவம் உண்டு. தீட்சை பெற்ற புதிதில் ஜபமாலையைக் கையில் எடுத்தாலே மனம் உருகுகிறது. பூஜையறையில் ஒரு மணி நேரம் ஒரு நொடியாகக் கழிகிறது. சில ஆண்டுகள் சென்றபின் அந்த இனிமை மெல்ல மறைகிறது. உதடுகள் மந்திரத்தைச் சொல்கின்றன. மனமோ வீட்டுக் கணக்கிலும் அலுவலகப் பூசல்களிலும் அலைகிறது. 'இவ்வளவு காலம் செய்தும் ஒன்றும் நிகழவில்லையே! இனி இதைத் தொடர்வதில் பொருள் உண்டா?' என்ற கேள்வி எழுகிறது. பலருடைய சாதனை ஓசையின்றி நின்றுபோவது இந்த இடத்தில்தான். முதலில் ஒரு நாள் விடுபடுகிறது. பிறகு ஒரு வாரம். பிறகு ஜபமாலை பெட்டிக்குள் சென்றுவிடுகிறது.

இந்தக் கேள்வியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எதிர்கொண்டு, அதைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுதியும் வைத்தவர் அவிலா நகரத்துப் புனித தெரேசா (1515-1582). ஸ்பெயின் நாட்டில் கர்மேல் துறவற சபையைச் சேர்ந்த கன்னியராக வாழ்ந்தவர். 1970-ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபை அவரை 'மறைவல்லுநர்' என்று அறிவித்தது. அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. உயர்ந்த தரிசனங்களையும் சமாதி போன்ற நிலைகளையும் பெற்றவர் என்றே உலகம் அவரைப் போற்றுகிறது. ஆனால் சாதகருக்கு அவற்றைவிடப் பயன் தருவது, அந்த அனுபவங்கள் வருவதற்கு முன் அவர் கடந்துவந்த வறண்ட ஆண்டுகளின் வரலாறு.

நள்ளிரவில் கதவைத் தட்டியவன்

கிறிஸ்துவின் வாழ்வு ஸ்ரீராமகிருஷ்ண சங்கத்திற்கு அந்நியமானதன்று. 1886-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் இரவு, வங்காளத்தின் ஆண்ட்பூர் கிராமத்தில், எரியும் துனியைச் சுற்றி அமர்ந்திருந்த இளம் சீடர்களிடம் நரேந்திரர் இயேசுவின் தியாக வாழ்வைப் பற்றியே பேசினார். உலகைத் துறப்பதென்று அவர்கள் அன்றிரவு உறுதி பூண்டனர். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது அவர்களுக்குப் பின்னரே நினைவுக்கு வந்தது.

விடாமுயற்சியுடன் பிரார்த்திப்பதைப் பற்றி இயேசு கூறிய உவமைகள் எளியவை. நள்ளிரவில் ஒருவன் நண்பனின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். எதிர்பாராமல் வந்த விருந்தாளிக்குக் கொடுக்க அவனிடம் அப்பம் இல்லை. உள்ளே இருப்பவன் எழ மறுக்கிறான். ஆயினும் இவன் தட்டுவதை நிறுத்தாததால் எழுந்து வந்து கேட்டதைக் கொடுக்கிறான். இன்னோர் உவமையில் ஓர் ஏழைக் கைம்பெண், கடவுளுக்கும் அஞ்சாத நீதிபதியிடம் மீண்டும் மீண்டும் சென்று நியாயம் கேட்கிறாள். அவளது தொல்லை பொறுக்காமல் நீதிபதி நியாயம் வழங்குகிறான்.

இந்த உவமைகளை மட்டும் படிப்பவர், 'விடாமல் கேட்டால் கேட்டது கிடைத்துவிடும்' என்று முடிவு செய்யக்கூடும். ஆனால் அதே இயேசு, தாம் பிடிபட்ட இரவில் கெத்சமனித் தோட்டத்தில் செய்த பிரார்த்தனையும் நற்செய்தியில் உள்ளது. வரவிருக்கும் துன்பம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று அவர் மும்முறை வேண்டினார். ஒவ்வொரு முறையும், தம் விருப்பமன்று, தந்தையின் விருப்பமே நிறைவேறட்டும் என்று அதை முடித்தார். துன்பம் நீங்கவில்லை, மறுநாள் அவர் சிலுவை சுமந்தார். கதவைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னவருக்கே அவர் கேட்டபடி கதவு திறக்கவில்லை. விடாமுயற்சி, நம்பிக்கை ஆகிய இரண்டையும் கிறிஸ்தவ நோக்கில் புரிந்துகொள்ள, உவமைகளையும் தோட்டத்துப் பிரார்த்தனையையும் சேர்த்தே படிக்க வேண்டும். தெரேசாவின் வாழ்வு இந்த இரண்டையும் இணைக்கிறது.

திறந்திருந்த கல்லறை

தெரேசா வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே தாயை இழந்தார். மகளைப் பிரிய மனமில்லாத தந்தை அவர் துறவறம் ஏற்க இசையவில்லை. எனவே இருபதாவது வயதில், 1535-ஆம் ஆண்டு, தந்தைக்குத் தெரியாமல் வீட்டைவிட்டுக் கிளம்பி, அவிலாவிலிருந்த கர்மேல் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். தந்தையின் வீட்டைவிட்டு வெளியேறியபோது தம் எலும்புகளெல்லாம் தனித்தனியே பிரிவது போன்ற வேதனையை உணர்ந்ததாகப் பின்னர் எழுதினார். வைராக்கியம் என்பது பாசமற்ற நெஞ்சுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது ஒரு சான்று.

சில ஆண்டுகளிலேயே கடும் நோய் தாக்கியது. கிராமத்து மருத்துவப் பெண்மணி ஒருத்தி அளித்த கடுமையான சிகிச்சை அவரை மேலும் நலிவுறச் செய்தது. 1539-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் நினைவிழந்தார். நான்கு நாட்கள் நினைவு திரும்பவில்லை. மடத்தில் அவருக்காகக் கல்லறை தோண்டி, ஒன்றரை நாள் திறந்தே வைத்திருந்தனர். கண் விழித்தபோது இமைகளின்மேல் மெழுகு இருந்தது. உயிர் மீண்டாலும் உடல் மீளவில்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முடங்கிக் கிடந்தார். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ முடிந்த நாளில் அவர் இறைவனுக்கு நன்றி கூறினார்.

இத்தகைய சோதனையிலிருந்து மீண்டவர் அதன்பின் இறைநெறியில் வேகமாக முன்னேறியிருப்பார் என்றே தோன்றும். ஆனால் பெரிய துன்பத்தைத் தாங்கிய அவருக்கு, அன்றாடத்தின் சிறிய சோர்வு அதைவிடக் கடினமான சோதனையாக அமைந்தது.

பணிவின் வேடத்தில் வந்த சோதனை

நோயுற்றிருந்த காலத்தில், தந்தையின் சகோதரர் ஒருவர் கொடுத்த நூலின் வாயிலாக அவர் மௌன தியானத்தைக் கற்றுக்கொண்டார். தாம் கற்றதைத் தந்தைக்கும் கற்பித்தார். தந்தை அதை உறுதியாகப் பற்றிக்கொண்டு வேகமாக முன்னேறினார்.

மகளோ பின்தங்கினார். நலம் பெற்றபின் மடத்தின் வரவேற்பறையில் பேச்சும் நட்பும் அவரது நேரத்தைக் கவர்ந்தன. அந்த மடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னியர் இருந்தனர்; நகரத்து மக்களின் வருகைக்கும் குறைவில்லை. பெரும் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் மனம் சிதறியது. சிதறிய மனத்துடன் தியானத்தில் அமர அவருக்கு வெட்கமாக இருந்தது. 'இத்தனை குறைகளுடன் இறைவனோடு நெருங்கிப் பழக எனக்கு என்ன தகுதி? மற்றவர்களைப் போல் வாய்மொழிப் பிரார்த்தனையுடன் நிறுத்திக்கொள்வதே எனக்கு ஏற்றது' என்ற எண்ணம் அவருள் எழுந்தது. கேட்பதற்குப் பணிவாகத் தோன்றும் இந்த எண்ணத்தை ஏற்று, ஓராண்டுக்கும் மேலாக அவர் தியானத்தை விட்டுவிட்டார்.

மகளைக் காண வந்த தந்தை தியான வாழ்வைப் பற்றியே பேசினார். தாம் அதை விட்டுவிட்டதைத் தெரேசா மறைக்கவில்லை. ஆனால் உடல்நலக் குறைவைக் காரணமாகக் கூறினார். தந்தை அதை அப்படியே நம்பி இரங்கினார். நாளடைவில் அவர் மகளுடன் நெடுநேரம் பேசுவதையும் குறைத்துக்கொண்டார். அது நேரத்தை வீணாக்குவதாகும் என்று கூறிச் சிறிது நேரத்திலேயே விடைபெற்றார். மகள் காட்டிய வழியில் தந்தை சென்றுகொண்டிருந்தார். வழி காட்டியவரோ நின்றுவிட்டார். 1543-ஆம் ஆண்டு டிசம்பரில் தந்தை இறந்தார். இறுதி நாட்களில் உடனிருந்து பணிவிடை செய்த தெரேசா, தந்தைக்கு ஆன்மிக வழிகாட்டியாக இருந்த டொமினிக்கன் சபைத் துறவியிடம் தம் நிலையைக் கூறினார். எக்காரணத்தாலும் பிரார்த்தனையை விடக்கூடாது என்று அவர் அறிவுறுத்தினார். தெரேசா மீண்டும் தொடங்கினார். அதன்பின் வாழ்நாள் இறுதிவரை விடவில்லை.

தம் வாழ்வில் நேர்ந்த மிகப் பெரிய ஆபத்து இந்த ஓராண்டுதான் என்பது அவரது முடிவு. நோயாளி, 'நான் நோயுற்றிருக்கிறேன். மருத்துவரிடம் செல்லத் தகுதியற்றவன்' என்று கூறுவது எவ்வளவு பேதைமையோ, அவ்வளவு பேதைமை, குறைகளைக் காரணம் காட்டிப் பிரார்த்தனையை விடுவதும். உண்மையான பணிவு மனிதனை இறைவனின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கிருந்து அவனை விலக்குவது பணிவன்று. பணிவின் வேடத்தில் வந்த சோர்வு.

மணியோசைக்குக் காத்திருந்த ஆண்டுகள்

மீண்டும் தொடங்கியதால் இனிமை திரும்பிவிட்டதா? இல்லை. அடுத்த பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வறட்சியே தொடர்ந்தது. தியானம் செய்வதென்று தாம் வகுத்துக்கொண்ட ஒரு மணி நேரம் எப்போது முடியும் என்று ஏங்கியதையும், கடிகாரத்தின் மணியோசைக்காகச் செவிசாய்த்துக் காத்திருந்ததையும் அவர் வெளிப்படையாக எழுதியுள்ளார். வழிபாட்டறைக்குள் நுழையும்போதே மனத்தில் துயரம் கவ்வுமாம். எவ்வளவு கடுமையான தவத்தையும் அந்த ஒரு மணி நேரத்திற்கு மாற்றாக ஏற்கத் தயாராக இருந்ததாகவும் கூறுகிறார். கையில் ஒரு நூல் இல்லாமல் தியானத்தில் அமர அவருக்குத் துணிவில்லை. அலையும் எண்ணங்களுக்கு எதிராக அந்த நூலைக் கேடயம் போல் பயன்படுத்தினார்.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் எழுந்து செல்லவில்லை என்பது. மனம் ஓடியது, உடலை அவர் ஓட விடவில்லை. தம்மைத் தாமே வற்புறுத்திக்கொண்டு அமர்ந்த நாட்களில், விருப்பத்துடன் அமர்ந்த நாட்களைவிட அதிக அமைதி சில வேளைகளில் கிடைத்தது என்ற அவரது குறிப்பு சாதகருக்கு மிகவும் பயனுள்ளது. தியானத்தின் தொடக்கத்தில் இருக்கும் மனநிலையை வைத்து அதன் பயனைக் கணக்கிட முடியாது.

நீண்ட காலம், இடைவிடாமல், சிரத்தையுடன் செய்யப்படும் பயிற்சியே உறுதியான அடித்தளம் பெறுகிறது என்று பதஞ்சலி மகரிஷி கூறுகிறார். பயிற்சி இனிமையாக இருக்க வேண்டும் என்பதை அவர் ஒரு நிபந்தனையாக வைக்கவில்லை. தெரேசா பதஞ்சலியை அறிந்தவர் அல்லர். ஆனால் அந்த நெறியையே வாழ்ந்து காட்டினார்.

1554-ஆம் ஆண்டு, அவருக்கு முப்பத்தொன்பது வயது. மடத்தில் ஒரு விழாவுக்காகக் கொண்டுவரப்பட்டிருந்த, காயங்களுடன் கூடிய கிறிஸ்துவின் திருவுருவம் அவர் கண்ணில் பட்டது. பல முறை பார்த்திருக்கக்கூடிய காட்சிதான். ஆனால் அன்று அவர் நெஞ்சு உடைந்தது. அந்த உருவத்தின் முன் விழுந்து அழுதார். தம்மிடம் தமக்கிருந்த நம்பிக்கையை முற்றிலும் இழந்து, இறைவனிடம் மட்டும் நம்பிக்கை வைத்ததே அன்று நேர்ந்த மாற்றம் என்று அவர் விளக்குகிறார். அதே காலத்தில் புனித அகஸ்டின் தம் வாழ்வை இறைவனிடம் அறிக்கையிட்டு எழுதிய நூலும் அவர் கைக்குக் கிடைத்தது. அதன்பின் அவரது பிரார்த்தனை வாழ்வு வேறொரு தளத்திற்கு உயர்ந்தது. அன்றைய கண்ணீருக்குப் பின்னால், மணியோசைக்குக் காத்திருந்தபடியே எழுந்து போகாத ஆண்டுகள் இருந்தன.

நான்கு வகை நீர்ப்பாய்ச்சல்

தம் அனுபவத்தைத் தெரேசா ஒரு தோட்டத்தின் உவமையால் விளக்குகிறார். ஆன்மா ஒரு தோட்டம், இறைவன் அதன் உடைமையாளர், சாதகன் தோட்டக்காரன். தோட்டத்திற்கு நீர் பாய்ச்ச நான்கு வழிகள் உள்ளன. முதல் வழி, கிணற்றிலிருந்து வாளியால் இறைப்பது. உழைப்பு அதிகம், கிடைக்கும் நீர் குறைவு. இரண்டாவது, நீர்ச்சக்கரத்தைச் சுழற்றிக் கால்வாய் வழியே பாய்ச்சுவது. மூன்றாவது, ஓடையிலிருந்து நீரைத் திருப்பிவிடுவது. நான்காவது, மழை. அங்கே தோட்டக்காரனின் உழைப்புக்கு இடமில்லை; எல்லாம் இறைவனின் அருள்.

இந்த உவமையைப் படிப்பவர்களின் மனம் மழையை நோக்கியே ஓடும். ஆனால் தொடக்கநிலைச் சாதகருக்காக அவர் கேட்கும் கேள்வி வேறு: வாளியை இறக்கினால் கிணறு வறண்டிருக்கிறது, ஒரு நாளன்று, பல நாட்கள் அப்படியே இருக்கிறது. தோட்டக்காரன் என்ன செய்வது?

வாளியை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே அவர் தரும் விடை. அவன் உழைப்பது தன் மகிழ்ச்சிக்காக அன்று, தோட்டத்து உடைமையாளரின் மகிழ்ச்சிக்காக. அவர் அவனது உழைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கிணற்றில் நீர் இல்லாதது அவருக்குத் தெரியும். தோட்டக்காரன் தன் கடமையைச் செய்யும்வரை, நீரின்றியும் செடிகளை வாட விடாமல் காக்க அவரால் முடியும். கூலியைக் கணக்கிடாமல் செய்யும் இந்த உழைப்பில்தான் அன்பு தூய்மை அடைகிறது. பலனில் பற்று வைக்காமல் செயலாற்றுமாறு கீதை கூறும் நெறி, இங்கே பிரார்த்தனைக்கும் பொருந்துவதைக் காணலாம். பிரார்த்தனையில் கிடைக்கும் இனிமையும் ஒரு பலனே. அதிலும் பற்று கூடாது.

வயலுக்கு நீர் கொண்டுவரக் கால்வாய் வெட்டிய விவசாயியின் கதையை ஸ்ரீராமகிருஷ்ணர் கூறுவார். குளிக்கவும் உணவு உண்ணவும் மனைவி வந்து அழைத்தும் அவன் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. மாலையில் ஆற்று நீர் சலசலத்து வயலுக்குள் பாய்வதைக் கண்டபின்னரே அமைதியாக வீடு திரும்பினான். இன்னொரு விவசாயியோ மனைவி அழைத்தவுடன் வேலையைப் பாதியில் விட்டுச் சென்றான். அவன் வயலுக்கு நீர் வரவேயில்லை. முதல் விவசாயியிடம் இருந்த வைராக்கியத்தையே தெரேசாவும் தம் கன்னியர்களிடம் எதிர்பார்த்தார். பிரார்த்தனைப் பாதையில் அடியெடுத்து வைப்பவர்கள், உயிருள்ள நீரின் ஊற்றை அடையும்வரை, உலகம் இகழ்ந்தாலும் வழியில் உயிர் போனாலும் நிற்பதில்லை என்ற 'உறுதிமேல் உறுதி' கொள்ள வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார்.

அச்சமும் நம்பிக்கையும்

உள்ளே உறுதிப்பட்ட இந்தப் பயிற்சியே பின்னர் அவரது புறச்செயல்களுக்கு வலிமை தந்தது. சில கன்னியர் மட்டும் எளிமையிலும் மௌனத்திலும் வாழ்ந்து பிரார்த்திக்க ஒரு சிறிய மடம் வேண்டும் என்ற எண்ணம் 1560-ஆம் ஆண்டு உருப்பெற்றது. பணமில்லை, செல்வாக்கில்லை, சொந்த மடத்திலேயே எதிர்ப்பு. 1562-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் புனித சூசையப்பர் மடம் நான்கு கன்னியருடன் அவிலாவில் திறக்கப்பட்டது. அடுத்த சில மணி நேரத்திலேயே, 'தவறு செய்துவிட்டோமோ' என்ற கடும் ஐயம் தெரேசாவைப் பற்றியது. உடனே பழைய மடத்திற்குத் திரும்புமாறு ஆணையும் வந்தது. நகர மன்றம் புதிய மடத்தை மூடிவிட முயன்றது. பல மாதங்களுக்குப் பின்னரே எதிர்ப்பு அடங்கியது.

1567-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இரண்டாவது மடத்தைத் தொடங்க மெதினா டெல் காம்போ என்ற ஊருக்குச் சென்றார். நள்ளிரவில் சென்று சேர்ந்தபோது, மறுநாள் விழாவுக்கான காளைகளை ஊருக்குள் ஓட்டிவந்துகொண்டிருந்தார்கள். மடத்திற்கென்று கொடுக்கப்பட்ட வீட்டின் சுவர்கள் இடிந்து கிடந்தன. இரவோடிரவாக மண்ணை அகற்றி, துணிகளைத் தொங்கவிட்டு, விடியற்காலையில் திருப்பலி நிகழ ஏற்பாடு செய்தார்கள். பொழுது விடிந்து பார்த்தால் வீடு தெருவைப் பார்த்துத் திறந்து கிடந்தது. அப்போது, இறைவன் அதுவரை காட்டிய அருளெல்லாம் இல்லாததுபோல் தம் நினைவிலிருந்து மறைந்தது என்றும், தம் வலுவின்மை மட்டுமே கண்முன் நின்றது என்றும் தெரேசா எழுதுகிறார். காவலுக்கு ஆட்களை வைத்தும் நம்பிக்கையில்லாமல், இரவில் எழுந்து சன்னல் வழியே நிலவொளியில் நற்கருணைப் பீடத்தைப் பார்த்துக்கொண்டார்.

நம்பிக்கை உடையவர்களுக்கு அச்சமே எழாது என்று எண்ணுபவர்கள் இந்த நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டும். தெரேசா அஞ்சினார், ஐயுற்றார், ஆயினும் மறுநாள் செய்ய வேண்டியதைச் செய்தார். 1569-ஆம் ஆண்டு டொலேடோ நகரில் மடம் தொடங்க அவரிடம் இருந்தவை மூன்று அல்லது நான்கு பொற்காசுகள். அவற்றைக் கொண்டு இரண்டு திருவுருவப் படங்களையும், இரண்டு வைக்கோல் மெத்தைகளையும், ஒரு கம்பளியையும் வாங்கினார். அந்த மடமும் நிலைபெற்றது.

விடாமுயற்சியும் பிடிவாதமும்

விடாமுயற்சிக்கும் பிடிவாதத்திற்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரிவதில்லை. இரண்டும் தடையைக் கண்டு பின்வாங்குவதில்லை. 'இது இறைவனின் பணி' என்ற போர்வையில் தன் விருப்பத்தையே சாதித்துக்கொள்ளும் ஆபத்து பக்தர்களுக்கும் உண்டு. வேறுபாட்டை அறிய ஒரு வழி இருக்கிறது: 'நிறுத்து' என்று உரியவர்கள் கூறும்போது மனம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் மடத்திற்கான முயற்சி பாதியில் இருந்தபோது, இசைவு தந்திருந்த மாநிலத் தலைவர் அதைத் திரும்பப் பெற்றார். பாவமன்னிப்புக் குருவும் அந்த முயற்சியைக் கைவிடுமாறு பணித்தார். தெரேசா மறுப்பின்றி நிறுத்தினார். ஐந்தாறு மாதங்கள் அதைப் பற்றிப் பேசவுமில்லை. அவர் மனமுடைந்திருப்பார் என்று மற்றவர்கள் எண்ணினர். அவரோ அமைதியாக இருந்தார். தம்மால் இயன்றதைச் செய்தாயிற்று, இறைவனின் பணியானால் அவரே வழி திறப்பார் என்பது அவரது உறுதி. தடை நீங்கி அனுமதி கிடைத்தபின்னரே மீண்டும் தொடங்கினார்.

இதைவிடப் பெரிய சோதனை 1575-ஆம் ஆண்டு வந்தது. புதிய மடங்கள் நிறுவுவதை நிறுத்திவிட்டு, ஒரே மடத்தில் தங்கியிருக்குமாறு சபையின் பொதுக்குழு அவருக்கு ஆணையிட்டது. அவரது சுயசரிதை அப்போது மத விசாரணை மன்றத்தின் ஆய்வில் இருந்தது. சீர்திருத்தப் பணியில் அவருக்குத் துணைநின்ற புனித சிலுவை அருளப்பர் 1577-ஆம் ஆண்டு டிசம்பரில் சொந்த சபையினராலேயே கைதுசெய்யப்பட்டு டொலேடோவில் சிறைவைக்கப்பட்டார். 1576-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நான்கு ஆண்டுகள் ஒரு புதிய மடமும் எழவில்லை. தெரேசா ஆணைக்குப் பணிந்தார், நியாயம் கேட்டு மன்னருக்கும் மற்றவர்களுக்கும் கடிதங்கள் எழுதினார், பிரார்த்தித்தார். அந்த இருண்ட காலத்தில், 1577-ஆம் ஆண்டு ஜூன் முதல் நவம்பர் வரை, ஆன்மாவை ஏழு மாளிகைகள் கொண்ட கோட்டையாக விளக்கும் 'உள்ளக் கோட்டை' என்ற தம் தலைசிறந்த நூலை எழுதி முடித்தார். வெளிக்கதவு அடைக்கப்பட்டபோது அவர் உள்ளே திரும்பினார். 1580-ஆம் ஆண்டு, சீர்திருத்த மடங்களைத் தனி மாநிலமாக அமைக்கத் திருத்தந்தை இசைவளித்தார்.

பிடிவாதக்காரன் தன் வழி அடைபட்டால் உடைகிறான், அல்லது மற்றவர்களை உடைக்கிறான். நம்பிக்கையுள்ளவன் காத்திருக்கிறான், அவனது இலக்கு செயல் முடிவதில் இல்லை, இறைவனின் விருப்பத்தில் இருக்கிறது. கெத்சமனித் தோட்டத்துப் பிரார்த்தனை கற்பிப்பதும் இதுவே.

இறுதிப் பயணம்

1582-ஆம் ஆண்டு ஜனவரியில் அறுபத்தாறு வயதான தெரேசா, நோயுற்ற உடலுடன் புர்கோஸ் நகருக்கு வண்டியில் புறப்பட்டார். மழையும் வெள்ளமும் பாதையை மூழ்கடித்திருந்தன. நகருக்கு அருகே, நீரில் மூழ்கி விளிம்பு தெரியாத பாலங்களின் மீது வண்டிகள் சென்றன. சற்றே பிசகினால் ஆற்றில் விழ வேண்டியதுதான். நகரை அடைந்தபின் பேராயர் அனுமதி தராமல் ஏறக்குறைய மூன்று மாதங்கள் காக்க வைத்தார். ஏப்ரல் மாதத்தில் மடம் திறக்கப்பட்டது. இருபது ஆண்டுகளில் எழுந்த பதினேழு கன்னியர் மடங்களுள் அதுவே கடைசி.

அங்கிருந்து சொந்த ஊரான அவிலாவுக்குத் திரும்ப அவர் விரும்பினார். வழியில், அல்பா தெ டோர்மெஸ் என்ற ஊருக்குச் செல்லுமாறு மேலதிகாரியின் ஆணை வந்தது. களைத்த உடலுடன் பணிந்து சென்றார். 1582-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் இரவு அங்கேயே உயிர் நீத்தார். அன்றிரவுதான் புதிய கிரிகோரியன் நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. அவர் நிறைவேறாத ஒரு சிறு விருப்பத்துடன், ஆனால் நிறைந்த மனத்துடன் விடைபெற்றார்.

சாதகருக்கு

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்பலாம்: 'இவ்வளவு காலம் செய்தும் ஒன்றும் நிகழவில்லையே!' நிகழ்கிறதா இல்லையா என்று அளக்கும் பொறுப்பு தோட்டக்காரனுடையதன்று என்பதே தெரேசாவின் விடை. வேர்கள் மண்ணுக்குள் வளர்வதை அவன் காண முடியாது. தோண்டிப் பார்த்தால் செடிதான் பட்டுப்போகும்.

அவரது வாழ்விலிருந்து சாதகர் கடைப்பிடிக்கக்கூடியவை சில உண்டு. ஜபத்திற்கும் தியானத்திற்கும் ஒரு நேரத்தை வகுத்துக்கொண்டு, மனம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்த நேரம் முடியும்வரை அமர்ந்திருக்க வேண்டும். மனம் மிகவும் அலைந்தால் ஒரு நல்ல நூலைத் துணையாகக் கொள்ளலாம், அது தோல்வியன்று. இடையில் விடுபட்டுப்போனால், அது ஒரு வாரமானாலும் ஓர் ஆண்டானாலும், வெட்கத்தை வாசலில் விட்டுவிட்டு மீண்டும் உள்ளே வர வேண்டும். 'எனக்குத் தகுதியில்லை' என்ற குரல் கேட்கும்போது, அது தன்னை இறைவனிடம் அழைத்துச் செல்கிறதா, அவரிடமிருந்து விலக்குகிறதா என்று பார்த்து, விலக்குமானால் அதற்குச் செவிகொடுக்கக் கூடாது. செயலில் தடை வரும்போது, முயன்ற அதே உறுதியுடன் காத்திருக்கவும் பழக வேண்டும்.

இன்று மாலை ஜபத்திற்கு அமரும்போது மனம் வறண்டிருக்கலாம். கண் கடிகாரத்தை நாடலாம். அவ்வாறாயின், அவிலாவின் வழிபாட்டறையில் மணியோசைக்காகக் காத்திருந்தும் எழுந்து செல்லாத அந்தக் கன்னியரைச் சாதகர் நினைத்துக்கொள்ளட்டும். கிணற்றில் நீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமல் வாளியை இன்னும் ஒரு முறை இறக்கட்டும். மழையைத் தருவது எப்போது என்பதைத் தோட்டத்தின் உடைமையாளர் அறிவார்.